மனைவி புலம்பல்

நான் கலியாணம் கட்டாதவள். ஆனாலும் எங்கள் ஊரில் புருசனைப் பறிகொடுத்து நான் அழாத தெரு இல்லை, ஒழுங்கை இல்லை. எல்லாம் எழுத்தில்தான். உரும்பிராயில் ஒருவர் கண்ணை மூடினால் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு. அன்று மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் வந்தவர்கள் எல்லாருக்கும் ஒரு சின்னப் புத்தகம் கொடுப்பார்கள். அதற்குப் பெயர் கல்வெட்டு. கல்லும் இல்லை, வெட்டும் இல்லை, வழவழத்த தாளில் அச்சடித்ததுதான். முன்னட்டையில் செத்தவரின் படம், உள்ளே தேவாரம், பிறகு வாழ்க்கை வரலாறு, அதற்குப் பிறகு புலம்பல்கள். மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரப்பிள்ளைகள் புலம்பல் என்று வரிசையாக அழுது, கடைசிப் பக்கத்தில் நன்றி சொல்லி முடியும். தமிழ் படிப்பித்து ஓய்வுபெற்ற ஒருத்தி ஊரில் சும்மா இருக்கிறாள் என்றால் இந்த வேலை அவள் தலையில்தான் விழும். என் தலையில் விழுந்து கனகாலம்.

கல்வெட்டுக்கு ஒரு சட்டம் உண்டு. யாரும் எழுதிவைக்காத சட்டம், ஆனால் நாட்டின் அரசியல் யாப்பைவிட இறுக்கமானது. அரசியல் யாப்பையாவது ஆட்சிக்கு வருகிறவர்கள் திருத்துகிறார்கள். இதைத் திருத்த ஆளில்லை. செத்தவரைப் பற்றி நல்லது மட்டும்தான் எழுதலாம். குடிகாரர் என்றால் 'நண்பர்களோடு இனிமையாகப் பழகியவர்'. கூடப்பிறந்தவர்களோடு வேலிக்கு வழக்காடியே காலத்தைக் கழித்தவர் என்றால் 'தன் உரிமையை விட்டுக்கொடாதவர்'. ஊருக்கு எல்லாம் விளங்கும். வாசித்துவிட்டு வாய்க்குள் சிரித்துக்கொண்டு பாயசத்தைக் குடிப்பார்கள்.

சண்டைக் காலத்தில் இன்னொரு சட்டமும் இருந்தது. எப்படிச் செத்தார் என்று எழுதக்கூடாது. எந்தப் பக்கத்துத் துவக்குச் சுட்டது என்று எழுதுவது அதைவிடக் கூடாது. 'இறைவனடி சேர்ந்தார்' என்று ஒரு வரியில் எல்லாரையும் நான் இறைவனிடம் அனுப்பி வைத்தேன். பல்லுக்கும் நாக்குக்கும் நடுவில் ஒரு காவலரண் இருந்த காலம் அது. அந்தக் காலம் முடிந்துவிட்டது, இப்போது வாய் திறந்து கதைக்கலாம் என்று பேப்பரில் போடுகிறார்கள். ஓம், கதைக்கலாம். பேஸ்புக்கைத் திறந்தால் கதைக்காதவர் யாருமில்லை. எனக்கு வாசித்துக் களைத்துவிட்டது.

போன ஆனியில் எங்கள் பக்கத்து வீட்டு ஓவசியர் இறந்தார். அரசாங்க வேலைகளை மேற்பார்க்கும் ஓவசியராக இருந்து ஓய்வுபெற்றவர். அம்மன் கோயில் நிர்வாகத்தில் தலைவர். வெள்ளை வேட்டி மடிப்புக் கலையாமல் கோயில் வீதியில் அவர் நடந்து வந்தால் பெடியள் சைக்கிளை விட்டு இறங்குவார்கள். நல்ல குரல். மைக் இல்லாமலே தெற்கு வீதிக்குக் கேட்கும். மனைவியை நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட ஐந்தாறு வயது மூப்பு. எங்கள் இரண்டு வளவுக்கும் நடுவில் கிடுகுவேலி, அதில் ஓர் ஆள் குனிந்து புகுந்து வரக்கூடிய ஒரு பொட்டு. கறிவேப்பிலையும் தேங்காய்ப்பாதியும் அந்தப் பொட்டுக்குள்ளால் போய்வரும். கதை அவ்வளவாகப் போய்வந்ததில்லை. அக்கா வாய் திறக்காத ஆள் என்பது ஊர் முடிவு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கனடாவிலிருந்து மூத்த மகன் செத்தவீட்டுக்கு வந்து, முப்பத்தொன்று முடியும்வரை நின்றார். நான் படிப்பித்த பெடியன்தான், இப்போது தலை நரைத்துவிட்டது. எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த அடுத்த நாள் அப்பாவின் படத்தோடு வந்து கதிரையில் இருந்தார்.

"ரீச்சர், கல்வெட்டு நீங்கள்தான் எழுதவேணும். வடத்தின்ரை கதையைப் பெரிசாப் போடுங்கோ. அப்பா செய்ததிலை அதுதான் பெரிய விசயம்."

வடத்தின் கதை ஊருக்கே தெரியும். அம்மன் கோயில் தேர்வடத்தை ஒரு சாதிக்காரர்தான் பிடிப்பது என்று இருந்தது. ஒழுங்கைக்கு அந்தப் பக்கம் இருக்கிற மற்றச் சாதிச் சனம் வீதியோரம் நின்று கும்பிடலாம், வடத்தைத் தொடக்கூடாது. சில வருடங்களுக்கு முன் ஒரு தேரன்று அதை மாற்றினார்கள். ஓவசியர்தான் மைக்கைப் பிடித்து, "வடம் நீளமாய்க் கிடக்கிறது, எல்லாரும் வந்து பிடிக்கலாம்" என்று அறிவித்தார். பேப்பரிலும் வந்தது. பிடிக்கத் தோள் இல்லாமல் போனதால்தான் மாற்றினார்கள் என்பதும் ஊருக்குத் தெரியும். பெடியள் எல்லாம் கனடாவிலும் லண்டனிலும் பனி வழித்துக்கொண்டிருக்கிறார்கள், முந்தைய வருடம் தேர் மேற்கு வீதியில் நின்றுபோய்விட்டது. ஆனால் கல்வெட்டின் சட்டப்படி நான் அதை எழுதமுடியாது. 'சாதி என்னும் இருளைச் சமத்துவ ஒளியால் ஓட்டிய பெருமகன்' என்று எழுதினேன். எழுதும்போது கையில் ஒரு கூச்சமும் இல்லை. அது பழக்கம்.

மகன் போகும்போது சொன்னார்: "அங்கை நாங்கள் வாய் திறந்து கதைக்கிறம் ரீச்சர். கூட்டங்களிலை கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி நானும் பேசுறனான். இஞ்சையும் அது வரவேணும்."

வரட்டும் என்று நான் சொன்னேன்.

வாழ்க்கை வரலாறு முடிந்து மனைவி புலம்பலுக்கு வந்தேன். எனக்கு அது கண்ணை மூடிக்கொண்டு எழுதுகிற பக்கம். 'கண்ணின் மணியே, என் காவலரே' என்று தொடங்கினால் பேனை தானாகவே போகும். இத்தனை வருடத்தில் எந்த மனைவியிடமும் போய், நீங்கள் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று நான் கேட்டதில்லை. யாரும் கேட்பதில்லை. மகன்மார் வந்து சொல்லுவார்கள், நான் எழுதுவேன், அச்சகம் அடிக்கும், அந்த மனிசி முப்பத்தோராம் நாள் தன் புலம்பலை மற்றவர்களோடு சேர்ந்து முதல் தடவையாகக் கேட்பார். பெரும்பாலும் அழுவார். அதைப் பார்த்து நானும் சரியாகத்தான் எழுதியிருக்கிறேன் என்று நினைத்துக்கொள்வேன்.

அன்று பின்னேரம் நான் குசினிக்குள் தேத்தண்ணி போட்டுக்கொண்டிருந்தபோது அக்கா பொட்டுக்குள்ளால் வந்தார். கையில் கறிவேப்பிலை இல்லை, தேங்காயும் இல்லை. அதுவே எனக்குப் புதினமாக இருந்தது. பலகையை இழுத்துப் போட்டேன், இருந்தார்.

"கல்வெட்டு எழுதுறீராம்."

"ஓம் அக்கா. முடியப்போகுது."

"என்ரை பேரிலை ஒண்டும் எழுதாதையும்."

எனக்கு விளங்கவில்லை. வரலாற்றில் பெயர் வராமல் எப்படி என்று கேட்டேன்.

"அது வரட்டும். அவரின்ரை பெண்சாதி எண்டது உண்மைதானே. அழுறன் எண்டு எழுதாதையும். நான் அழேல்லை."

செத்தவீட்டை யோசித்துப் பார்த்தேன். பெண்கள் கட்டிப்பிடித்துக் குழறினார்கள். அக்கா நடுவில் இருந்தார். அழுதாரா என்று நான் பார்க்கவில்லை. யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். புருசன் செத்தால் மனைவி அழுவாள் என்று தெரியும், அதனால் பார்க்கத் தேவையில்லை.

"ஏன் அக்கா?" என்று கேட்டேன்.

அவருக்கும் ஒரு தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன், வாங்கி ஒரு மிடறு குடித்தார். பிறகு சொன்னார். அவர் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்து நான் அன்றுவரை கேட்டதில்லை. இடம்பெயர்ந்து போன சனம் திரும்பிவந்து, கோயில் தேர் மறுபடி ஓடத் தொடங்கிய காலம். நான் அப்போது வன்னியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தேர்த்திருவிழாவுக்குச் சில நாள் முன்னால் கோயில் வீதியில் ஊர்க்கூட்டம் கூட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்துச் சனத்தில் சிலர் வந்து, எல்லாரும்தானே ஒன்றாக அகதியாக ஓடினோம், ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பானையில் சாப்பிட்டோம், வடத்தில் ஒரு கை வைக்கவிடுங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆம்பிளைகள் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்களாம். அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து சொல்லியிருக்கிறார்: "வடம் நீளமாத்தானே கிடக்கு. அவையும் பிடிக்கட்டுமன்."

அவ்வளவுதான் சொன்னது. கூட்டம் அதோடு கலைந்துவிட்டது. வீட்டுக்கு வந்த ஓவசியர் அடிக்கவும் இல்லை, ஏசவும் இல்லை. அக்காவோடு கதைப்பதை நிறுத்திவிட்டார்.

"எவ்வளவு காலம் அக்கா?"

"சாகுமட்டும்."

எனக்குக் கையில் இருந்த கோப்பையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அக்கா ஒரு சமையல் குறிப்பைச் சொல்வது போலத்தான் சொல்லிக்கொண்டு போனார். பிள்ளைகள் வீட்டில் இருந்த காலத்தில் அவர்களைக் கொண்டு கதைப்பித்தாராம். 'அம்மாவைச் சோறு போடச் சொல்லு', 'அம்மாட்டைக் கேள், வேட்டி தோய்ச்சதோ எண்டு.' பிள்ளைகளுக்கு அது ஒரு பகிடி. கடைசிப் பிள்ளையும் வெளிநாடு போன பிறகு சுவரோடு கதைக்கத் தொடங்கினார். 'தேத்தண்ணி ஒண்டு கிடைக்குமோ' என்று சுவரைக் கேட்பார், அக்கா கொண்டுவந்து வைப்பார். நானே வேலிக்கு இந்தப் பக்கம் நின்று அந்தக் குரலை எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். பெரிய மனிசருக்கு அது ஒரு தோரணை என்று நினைத்தேன். வீடியோவில் பிள்ளைகள் கூப்பிடும்போது இரண்டுபேரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சிரிப்பார்களாம்.

"பிறகு அவரே வடத்தைத் திறந்துவிட்டாரே அக்கா. மைக்கிலை சொன்னவர்."

"ஓம். நான் அண்டைக்கு வீட்டிலை மோதகத்துக்கு மா குழைச்சுக்கொண்டிருந்தனான். ஸ்பீக்கரிலை கேட்டது. நான் சொன்ன வசனம் அப்பிடியே. நான் கையைக் கழுவிப்போட்டு விறாந்தையிலை வந்து இருந்தனான். இண்டைக்கு வந்து என்னை ஒருக்காப் பாப்பார் எண்டு நினைச்சன். ஒண்டும் சொல்லத் தேவையில்லை, ஒருக்காப் பாத்தாலே போதும்." அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார், வியர்வைதான். "வந்தார். தேத்தண்ணி கிடைக்குமோ எண்டு சுவரைக் கேட்டார்."

எனக்குக் கோபம் வந்தது. இந்த வயதில் எனக்குக் கோபம் வருவது குறைவு, வந்தால் உடம்பு தாங்காது. மேசைக்குப் போய், சமத்துவ ஒளியால் இருளை ஓட்டிய பக்கத்தை எடுத்துக்கொண்டு வந்தேன். இதை மாற்றி எழுதுகிறேன், முதலில் சொன்னது நீங்கள் என்று எழுதுகிறேன் என்றேன்.

"வேண்டாம்," என்றார் அக்கா. "செத்துப்போனார். அவரைப் பற்றி என்னத்தையெண்டாலும் எழுதும், பிள்ளையள் ஆசைப்படுதுகள். என்னைக் கொண்டு பொய் சொல்லுவிக்காதையும். அவ்வளவுதான்."

அவர் போன பிறகும் நான் அந்தப் பலகையில்தான் இருந்தேன். பேசும் உரிமை, பேசும் உரிமை என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் எவ்வளவு படிப்பித்திருப்போம். பேசாமல் இருக்கிற உரிமையைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு பாடம் இருந்ததாக நினைவில்லை. அரசாங்கம் வாயைப் பொத்தினால் அதற்குப் பெயர் இருக்கிறது, அதை எதிர்த்து நிற்க ஆட்களும் இருக்கிறார்கள். வாய்க்குள் வேறொருவர் வசனத்தை வைத்துத் தைத்துவிடுவதற்கு எங்கள் ஊரில் பெயர் மரியாதை.

அந்தக் கிழமையே மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்தில் விவாதப் போட்டிக்கு என்னை நடுவராகக் கூப்பிட்டிருந்தார்கள். 'சனநாயக நாட்டில் பேச்சுச் சுதந்திரத்துக்கு எல்லை வேண்டும்' என்பது தலைப்பு. பஸ்சில் நெரிபட்டுப் போய்ச் சேர்ந்தேன். வேண்டும் என்ற கட்சியும் வேண்டாம் என்ற கட்சியும் ஒரே ஆசிரியர் எழுதிக் கொடுத்ததை மனப்பாடம் பண்ணி, ஒரே இடத்தில் கையை உயர்த்தி, ஒரே இடத்தில் குரலைத் தாழ்த்திப் பேசினார்கள். 'என் சுதந்திரம் அடுத்தவன் மூக்கு நுனிவரை' என்று இரண்டு கட்சியும் சொன்னது. ஒரு பிள்ளை நடுவில் மறந்துபோய் நின்றுவிட்டாள். மண்டபம் முழுக்க அவளைப் பார்த்தது. "மிச்சம் மறந்திட்டன்," என்று சொல்லிவிட்டுப் போய் இருந்தாள். அன்றைக்கு அந்த மேடையில் ஒரு பிள்ளை தானாகச் சொன்ன வசனம் அது ஒன்றுதான். ஆனால் புள்ளி போடும் தாளில் அதற்கு இடம் இல்லை. நானும் வழமைபோல நன்றாக மனப்பாடம் பண்ணிய பக்கத்துக்குப் பரிசைக் கொடுத்துவிட்டு, பிளேன்டி குடித்துவிட்டு வந்தேன்.

எழுதி முடித்ததை மகனிடம் கொடுத்தேன். மனைவி புலம்பல் இல்லாமல்தான். அவர் தாள்களைப் புரட்டி, திரும்பவும் புரட்டிப் பார்த்தார்.

"ரீச்சர், அம்மாவின்ரை விட்டுப்போச்சு."

"விட்டுப்போகேல்லை தம்பி. அம்மா வேண்டாமெண்டவ."

"அம்மாவுக்கு என்ன தெரியும்? அவ இப்ப மனம் குழம்பிப்போய் இருக்கிறா. மனைவி புலம்பல் இல்லாமல் கல்வெட்டு வந்தால் சனம் என்ன கதைக்கும்? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் ஏதோ பிரச்சினை எண்டெல்லோ நினைக்குங்கள்."

இருந்தது என்று சொல்ல வாய் உன்னியது. ஆனால் அது என்னுடைய கதை இல்லை, அக்காவின் கதை. அதை என்னை நம்பிச் சொன்னாரே தவிர, எடுத்துக்கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லவில்லை. "நீரே அம்மாவைக் கேளும்," என்று மட்டும் சொன்னேன்.

கேட்டார். அதற்கும் என்னைக் கூட்டிக்கொண்டுதான் போனார். அக்கா விறாந்தையில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தார். மகன் முன்னால் நின்று, கூட்டத்தில் தீர்மானம் கேட்பதுபோல, "அம்மா, உங்கடை பேரிலை நாலு வரி போடுறம், சரிதானே?" என்றார்.

அக்கா சுளகை நிறுத்தினார். மகனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாய் ஒருக்கால் திறந்தது போல இருந்தது. பிறகு மறுபடி புடைக்கத் தொடங்கிவிட்டார். எனக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த வீட்டில் பதில் சொல்லும் பழக்கம் அவருக்கு விட்டுப்போயிருந்தது. என் குசினிக்குள் வந்த வாய் அவருடைய விறாந்தையில் வரவில்லை.

"பாத்தியளோ ரீச்சர், அம்மா ஒண்டும் மறுக்கேல்லை," என்றார் மகன்.

மௌனம் சம்மதம் என்று ஒரு சொல் வழக்கு எங்களிடம் உண்டு. அதை முதலில் சொன்னவர் ஒரு நாளும் மௌனமாக இருந்திருக்கமாட்டார். நான் எழுதமாட்டேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். மகனுக்கு என்னோடு மனவருத்தம். ஆனால் நல்ல பெடியன், வாசல்வரை வந்து அனுப்பிவைத்தார்.

முப்பத்தோராம் நாள் காலை கீரிமலைக்குப் போய்க் கிரியைகளை முடித்துவந்தார்கள். வளவு நிறையப் பந்தல், கதிரைகள், ஸ்பீக்கர். சாப்பாட்டுக்கு முன்னால் கல்வெட்டை மைக்கில் ராகத்தோடு வாசிப்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதையும் நான்தான் வாசிப்பேன். மனவருத்தம் இருந்தாலும் மகன் வந்து கூப்பிட்டார். வேறு ஆள் இல்லை. புத்தகம் அன்றுதான் அச்சகத்தில் இருந்து வந்திருந்தது, மை மணத்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தொடங்கினேன். தேவாரம், வரலாறு, சமத்துவ ஒளி எல்லாம் வாசித்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். மனைவி புலம்பல் இருந்தது.

முதல் வரியைப் பார்த்ததும் எனக்கு அடையாளம் தெரிந்தது. அது நான் எழுதியது. பல வருடங்களுக்கு முன் வேறு யாரோ ஒருவரின் கல்வெட்டுக்கு, புருசனும் பெண்சாதியும் ஓயாமல் கதைத்து அலட்டிக்கொண்டு திரிந்த ஒரு சோடிக்காக எழுதியது. அச்சகத்தில் அதைக் கொம்பியூட்டரில் போட்டுவைத்திருக்கிறார்கள். புலம்பல் இல்லாமல் யாராவது வந்தால் எடுத்து ஒட்டிவிடுவார்களாம், பிறகு விசாரித்தபோது சொன்னார்கள். பிழையாகவே அவர்களுக்குத் தெரியவில்லை. பிழை என்று சொல்ல எனக்கு என்ன வாய் இருக்கிறது.

ஓயாமல் என்னோடு உரையாடி நின்றவரே
வாயடைத்துப் போனதென்ன மன்னவரே சொல்லீரோ

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா குசினி வாசலில், பெண்களுக்கு நடுவில், கையில் அகப்பையோடு நின்றார். மைக்கை அவர் பக்கம் இலேசாகத் திருப்பினேன். வாருங்கள், வந்து சொல்லுங்கள் என்பதுபோல. அவருக்கு விளங்கியது. வேண்டாம் என்று தலையை ஆட்டினார்.

நான் பக்கத்தைத் திருப்பி மக்கள் புலம்பலைத் தொடங்கினேன்.

"ரீச்சர்," என்று முன்வரிசையிலிருந்து கோயில் செயலாளர் கூப்பிட்டார். "ஒரு பக்கம் விட்டிட்டியள்."

"தெரியும்," என்றேன். அது ஸ்பீக்கரில் போய்விட்டது. கதிரைகளில் இருந்தவர்கள் புத்தகத்தைப் புரட்டி அந்தப் பக்கத்தைத் தேடினார்கள். மகன் எனக்குப் பக்கத்தில் வந்து, "ரீச்சர், களைச்சுப்போனியள், இருங்கோ," என்று மரியாதையாகச் சொல்லி, மைக்கை வாங்கிச் செயலாளரிடம் கொடுத்தார். நானும் கொடுத்தேன். பிடித்துவைத்துச் சண்டைபோட எனக்குத் தெம்பில்லை. சண்டை போட்டிருந்தாலும், அக்கா வேண்டாம் என்ற ஒன்றுக்காக நான் கத்தியதாகத்தான் முடிந்திருக்கும்.

செயலாளர் தொண்டையைச் செருமிக்கொண்டு, கட்டைக் குரலில், மீசையோடு, மனைவியாக அழத் தொடங்கினார். ஓயாமல் என்னோடு உரையாடி நின்றவரே. ஸ்பீக்கர் சந்திவரை கட்டியிருந்தது. ஊர் முழுக்கக் கேட்டிருக்கும், ஒழுங்கைக்கு அந்தப் பக்கமும்.

நான் எழும்பிக் குசினிப் பக்கம் போனேன். முகத்தைக் காட்டுவதற்கு வேறு இடம் இல்லை. அக்கா பெரிய கிடாரத்தில் பாயசத்தைத் துழாவிக்கொண்டிருந்தார். கொஞ்சநேரம் காதுகொடுத்துக் கேட்டார்.

"ஆர் உது," என்றார், "என்னோடை ஓயாமல் கதைச்சது?"

பெண்களுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒருத்தி சேலையை வாயில் வைத்து அடக்கினாள். வெளியில் இருந்து பார்த்தவர்களுக்கு அழுவது போலத்தான் தெரிந்திருக்கும். எனக்கும் சிரிப்பு வந்தது. அந்த வசனத்தை எழுதியவள் நான் என்று அக்காவிடம் இன்றுவரை சொல்லவில்லை.

மகன் கனடாவுக்குத் திரும்பிவிட்டார். இப்போது யாராவது கல்வெட்டு எழுதக் கேட்டு வந்தால், முதலில் அந்த மனிசியோடு நான் தனியக் கதைக்கவேணும் என்று சொல்லுகிறேன். பாதிப்பேர் யோசித்துப்போட்டு வாறம் ரீச்சர் என்று நேரே அச்சகத்துக்குப் போய்விடுகிறார்கள். போகட்டும். அங்கே என் பழைய கண்ணீர் வேண்டிய அளவு கிடக்கிறது.

அக்கா நிறையக் கதைக்கிறார். விடிந்தால் பொட்டுக்குள்ளால் வந்துவிடுவார். முருங்கையில் மயிர்க்கொட்டி, மூட்டுக்குப் போடுகிற குளிசை, அச்சுவேலிச் சந்தையில் வெண்காயம் விற்ற விலை, எல்லாம் கதைப்பார். உண்மையைச் சொன்னால் சில நாள் எனக்குக் காது வலிக்கும். தனிய இருந்து பழகியவள் நான். ஆனாலும் வேலி அடைக்க வந்தவரிடம் அந்தப் பொட்டை விட்டுவிட்டு அடைக்கச் சொன்னேன்.

போன கிழமை கீரை ஆய்ந்துகொண்டிருக்கும்போது கேட்டேன். "அண்டைக்கு மைக்கைத் திருப்பினனான் அக்கா. ஏன் வேண்டாமெண்டனீங்கள்? பயமோ?"

"பயமோ," என்று அக்கா சிரித்தார். "இனி என்னோடை கதையாமல் விடுறதுக்கு ஆர் இருக்கினம்?"

ஒரு பிடிக் கீரையை ஆய்ந்து சுளகில் போட்டார். அடுத்த பிடியை எடுக்கவில்லை.

"ஊருக்குச் சொல்ல எனக்கு ஒண்டும் இருக்கேல்லைப் பிள்ளை. அந்தாளுக்குத்தான் சொல்ல இருந்தது. முதலிலை சொன்னது நான் எண்டு, முகத்தைப் பாத்து, ஒரே ஒருக்கா. இப்ப எனக்கு வாய் வந்திட்டுது. அந்தாள் சுவரிலை தொங்குது."